சில்லின் குடத்துக்குள் ஒளிந்திருக்கும் கியர்

ஆசிரியர் அவர்கட்கு,

அன்புடையீர்,

வேலைக்குச் சைக்கிளில் செல்லத் தொடங்குவோருக்காகத் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளிவந்த ஆலோசனைகளை ஆர்வத்துடன் படித்தேன். தலைக்கவசம், விளக்கு, பூட்டு ஆகியன பற்றிச் சொல்லப்பட்டவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து எதுவும் இல்லை. ஆனால் நகருக்குள் ஓடுவதற்குக் குறைந்தது 21 கியர் உள்ள சைக்கிள் வேண்டும் என்ற வரியைப் படித்துவிட்டு, எம்மவர் யாராவது கடைக்குப் போய்த் தேவையற்ற ஒன்றுக்குப் பணத்தைக் கொட்டிவிடுவாரோ என்ற கவலையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். இலண்டன் ஈஸ்ட் ஹாமில் உள்ள வீட்டிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டில் உள்ள வேலைத்தலத்துக்கு 17 ஆண்டுகளாக மழையிலும் குளிரிலும் சைக்கிளில் போய் வருகிறேன். என் வண்டியில் இருப்பவை மூன்றே மூன்று கியர்கள். அவையும் வெளியே தெரிவதில்லை.

கியர்ச் சைக்கிள் என்றதும், பின்சில்லின் பக்கத்தில் அடுக்கடுக்காக நிற்கும் பல்வட்டுகளும், சங்கிலியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளிவிடும் தொங்கு கையுமே பலருக்கு நினைவுக்கு வரும். மாட்டுவண்டிச் சில்லின் ஆரக்கால்கள் வந்து சேரும் நடுத்துண்டைக் குடம் என்பார்கள். சைக்கிள் சில்லின் கம்பிகள் வந்து சேரும் ஹப்பும் அதே குடம்தான். அந்தக் குடத்துக்குள்ளேயே பல்சக்கரங்களை அடக்கி மூடிவிட்டால் அது ஹப் கியர். வெளியே ஒரேயொரு பல்வட்டும், வளையாமல் நேராக ஓடும் ஒரேயொரு சங்கிலியும் மட்டுமே இருக்கும். பார்ப்பவர்கள் அதைக் கியர் இல்லாத பழைய சைக்கிள் என்றே எண்ணுவார்கள். திருடர்களும் இதுவரை அப்படியே எண்ணி வந்திருப்பது நான் எதிர்பாராமல் பெற்ற நன்மை.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. நொட்டிங்ஹாமில் றலி சைக்கிள் நிறுவனத்தின் அதிபர் ஃபிராங்க் பௌடனின் முயற்சியால் 1902இல் தொடங்கிய தொழில்தான் பின்னர் ஸ்டேர்மி ஆர்ச்சர் என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்டது. அவர்கள் 1936இல் வெளியிட்ட ஏ-டபிள்யூ என்ற மூன்று கியர் ஹப், சிற்சில மாற்றங்களுடன் பல பத்தாண்டுகள் பிரித்தானியத் தொழிலாளர்களை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2000ஆம் ஆண்டில் நிறுவனம் நொடித்துப்போய் தாய்வானின் சன்ரேஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஹப்புகள் இப்போது அங்கிருந்து வருகின்றன. யாழ்ப்பாணத்தில் என் தகப்பனார் வைத்திருந்ததும் றலிதான். ஆனால் அதில் கியர் இருக்கவில்லை; மேடு பள்ளம் அதிகம் இல்லாத எங்கள் ஊரில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. நான் இங்கே பழைய பொருள் சந்தையில் 40 பவுணுக்கு வாங்கிய றலியின் ஹப்பில் 71, 8 என்ற எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1971ஆம் ஆண்டு எட்டாம் மாதம் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். அது என்னைவிட வயதில் மூத்தது.

உள்ளே நடப்பதை விளங்கிக்கொண்டால் பராமரிப்பின் பாதிப் பயம் போய்விடும் என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். அச்சின் நடுவில் 20 பற்கள் கொண்ட ஒரு சக்கரம் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கிறது. அதைச் சூழ, சூரியனைச் சுற்றும் கோள்கள் போல, நான்கு சிறிய சக்கரங்கள் ஒரு கூட்டில் பூட்டப்பட்டுச் சுழல்கின்றன. அவற்றையெல்லாம் வெளிப்புறமாக அணைத்தபடி, உட்பக்கத்தில் 60 பற்கள் கொண்ட ஒரு வளையம் இருக்கிறது. கோள்களின் கூடு ஒரு முறை சுற்றும்போது வளையம் ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்றும். ஆகவே சங்கிலி கூட்டைச் சுழற்றி, வளையம் சில்லைச் சுழற்றினால் அது மூன்றாம் கியர். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். சங்கிலி வளையத்தைச் சுழற்றி, கூடு சில்லைச் சுழற்றினால் அது முதலாம் கியர். வேகம் நான்கில் ஒரு பங்கு குறைந்து மிதிப்பது இலகுவாகும். இரண்டாம் கியரிலோ வளையமே சங்கிலியையும் சில்லையும் நேராக இணைக்கிறது, இடையில் எந்தப் பல்சக்கரமும் சுமை தாங்குவதில்லை. சவாரியில் பெரும்பகுதி இந்த இரண்டாம் கியரில் கழியும்படி பார்த்துக்கொள்வது சைக்கிளுக்கும் நல்லது, முழங்காலுக்கும் நல்லது.

இலண்டனுக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதற்கு இங்குள்ள குளிர்காலமே பதில். உறைபனி விழும் என்று தெரிந்தால் வீதிகளில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பும் ஈரமும் சேறும் வெளியே திறந்து கிடக்கும் பல்வட்டுகளிலும் தொங்கு கையிலும் படிந்து, இரண்டு குளிர்காலங்களில் அவற்றை அரித்துவிடுவதை என் முந்திய சைக்கிளில் நேரில் பார்த்திருக்கிறேன். குடத்துக்குள் இருப்பதை உப்பு அவ்வளவு இலகுவில் அண்டாது. சங்கிலியும் பக்கவாட்டில் வளையாமல் ஓடுவதால் மெதுவாகவே தேய்கிறது. இன்னொரு நன்மை சிவப்பு விளக்கில் தெரியவரும். வெளிக் கியரை மாற்றுவதற்குச் சைக்கிள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்; ஹப் கியரை நின்ற நிலையிலும் மாற்றலாம். உயர்ந்த கியரில் வந்து சடுதியாக நிறுத்த நேர்ந்தவர், விளக்குப் பச்சையாகும் முன் விரலால் ஒரு தட்டுத் தட்டி முதலாம் கியருக்கு வந்துவிடலாம். 2010இல் இந்நகரில் வாடகைச் சைக்கிள் திட்டத்தைத் தொடங்கியபோது, இரவும் பகலும் மழையில் நிற்கப்போகும் அந்தச் சைக்கிள்களுக்கு மூன்று கியர் ஹப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்காமலா செய்திருப்பார்கள்? இலண்டனிலேயே செய்யப்படும் புரொம்டன் மடிப்புச் சைக்கிள்களில் பலவும் ஹப் கியரை நம்பியே ஓடுகின்றன.

மூன்று கியர் மேடுகளுக்குப் போதுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். பழைய றலியில் பெரும்பாலும் முன்னால் 48 பற்களும் பின்னால் 18 பற்களும் இருக்கும். அதன்படி முதலாம் கியரில்கூட ஒரு மிதிச் சுற்றுக்குச் சில்லு இரண்டு முறை சுற்றுகிறது. ஏற்றத்தில் அது கடினம். மூன்றாம் கியரோ முதுகில் காற்று வாங்கி இறக்கத்தில் போனாலன்றிப் பயன்படாது. பின்பல்வட்டை 22 பற்கள் உள்ளதாக மாற்றினேன். அதை ஹப்பில் பிடித்து வைத்திருப்பது வட்டமான ஒரேயொரு கம்பி வளையந்தான். தட்டையான திருப்புளியால் நெம்பினால் கழன்றுவிடும். பல்வட்டின் விலை சில பவுண், சங்கிலிக்கு மேலும் இரண்டு கண்ணி தேவைப்பட்டது. இப்போது முதலாம் கியரில் ஒரு மிதிக்கு 1.64 சுற்று, இரண்டாம் கியரில் 2.18, மூன்றாம் கியரில் 2.91. ஹைகேட் குன்றில் உள்ள முருகன் கோயிலுக்கு ஆர்ச்வே வீதி வழியாக இதே சைக்கிளில் ஏறிப் போயிருக்கிறேன். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்று எம் முன்னோர் சொன்னபோது சைக்கிள்காரரை எண்ணியிருக்க மாட்டார்கள். எனினும் இறங்கித் தள்ளாமலே கோயில் வாசலை அடைந்தேன். 21 கியர் என்று விற்கப்படும் சைக்கிளிலும் பல கியர்கள் ஏறத்தாழ ஒரே அளவினவாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பவைதாம்.

இத்தனை சொன்ன பிறகு, இதன் ஆதரவாளர்கள் செய்யும் தவறையும் சொல்வதுதான் நேர்மை. ஹப் கியருக்குப் பராமரிப்பே தேவையில்லை என்று விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். அது உண்மை அன்று. பராமரிப்பு மிகக் குறைவு என்பதுதான் உண்மை, அந்தக் குறைந்த அளவையும் செய்யாமல் விட்டவர்களின் ஹப்புகள்தாம் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

முதலாவதாகக் கவனிக்க வேண்டியது கியர்க் கம்பியின் இறுக்கம். ஸ்டேர்மி ஆர்ச்சரில் கைபிடியிலிருந்து வரும் கம்பி, அச்சின் துளைக்குள் நுழையும் சிறு சங்கிலி ஒன்றுடன் முடிகிறது. கியரை இரண்டில் வைத்துவிட்டு, வலப்பக்க நட்டில் உள்ள சிறு சாளரத்தின் வழியே பார்த்தால், அந்தச் சங்கிலியின் தண்டு அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே போயிருந்தாலும் வெளியே நீண்டிருந்தாலும், கம்பியின் நுனியில் உள்ள திருகு குழாயைத் திருப்பிச் சரிசெய்து, பூட்டு நட்டை இறுக்கிவிட வேண்டும். ஒரு நிமிட வேலை. மாதத்துக்கு ஒரு முறை போதும். புதுக் கம்பி போட்டிருந்தால் அது இழுபட்டு நீளும் என்பதால் முதல் வாரத்திலேயே மீண்டும் பார்ப்பது நல்லது. ஜப்பானிய நிறுவனமான ஷிமானோவின் எட்டுக் கியர் ஹப்பில் இதைவிடச் சுலபம். கியரை நான்கில் வைத்தால் ஹப்பின் அருகே தெரியும் இரண்டு மஞ்சள் கோடுகள் ஒரே நேரில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாததன் விளைவு சிறியது அன்று. பழைய ஏ-டபிள்யூ ஹப்பில் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவே எதையும் பற்றாத ஒரு வெற்றிடம் இருக்கிறது. கம்பி தளர்ந்தால் இரண்டாம் கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹப் அந்த வெற்றிடத்துக்குள் நழுவிவிடும். அந்நேரம் நீங்கள் எழும்பி நின்று மிதித்துக்கொண்டிருந்தால், கால் வெறும் காற்றை மிதித்தது போலக் கீழே போகும். இப்போது தாய்வானிலிருந்து வரும் ஹப்புகளில் இந்த இடைவெளி நீக்கப்பட்டுள்ளது. பழையதை வாங்குபவர்கள் மட்டும் இதை மறக்கக் கூடாது.

எனக்கு அது நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் பின்ரயரில் முள் குத்தியபோது, நேரமில்லாததால் ஒரு கடையில் கொடுத்து ஒட்டுப் போடச் செய்தேன். வேலை செய்த இளைஞர் மரியாதையானவர், ஆனால் ஹப் கியரை முன்பின் கழற்றிப் பழகாதவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அச்சின் இரு பக்கமும் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும்; அதில் கோத்து, சட்டத்தின் பிளவில் பல் பதியும்படி வைக்க வேண்டிய தனி வாசர்கள் உண்டு. குடத்துக்குள் சக்கரங்கள் ஒன்றையொன்று எதிர்த்து அழுத்தும்போது அச்சு சுழன்றுவிடாமல் பிடித்துவைப்பவை அவைதாம். அவற்றுள் ஒன்றை அவர் சாதாரண வாசர் என்று எண்ணி வேறிடத்தில் போட்டுவிட்டார். மறுநாள் காலை, சந்தியில் பச்சை விளக்கு விழுந்ததும் நான் எழும்பி மிதித்தேன். அச்சு தளர்ந்து, சங்கிலியின் இழுவையில் சில்லு வலப்பக்கமாக முன்னே நகர்ந்திருந்தது. சில்லு முன்னே வந்தால் கம்பி தளரும், கம்பி தளர்ந்தால் நான் மேலே சொன்ன வெற்றிடம். முழங்கால் கைபிடியில் மோதி இரண்டு வாரம் நொண்டினேன். பின்னால் வந்த பேருந்துச் சாரதி நிதானமானவராக இருந்ததால் அத்துடன் போயிற்று. கடைக்காரரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பத்துக் கடைகளில் ஒன்பதில் இந்த வாசரின் பெயரே தெரியாது என்பதால், சைக்கிளின் உடைமையாளர் அதைத் தெரிந்திருப்பது அவசியம் என்பதற்காக எழுதுகிறேன்.

ஒட்டுப் போடுவதற்குச் சில்லைக் கழற்றவே தேவையில்லை என்பதை நான் அதற்குப் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்; அதுவும் ஊரிலிருந்து வந்த நினைவு. யாழ்ப்பாணத்தில் சந்திக்குச் சந்தி இருந்த சைக்கிள் கடைக்காரர்கள் சைக்கிளைச் சரித்து வைத்து, ரயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, ரியூப்பை வெளியே இழுத்து, தண்ணீர்ச் சட்டியில் பகுதி பகுதியாக அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே ஒட்டிவிடுவார்கள். நட்டில் கை வைக்கமாட்டார்கள். ஒல்லாந்துக்காரர்களும், சங்கிலியை முழுதாக மூடிய தங்கள் சைக்கிள்களுக்கு இதையேதான் செய்கிறார்கள். பின்சில்லில் ஹப் கியர் உள்ளவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் கைவேலை இது. ரயரையே மாற்ற வேண்டியிருந்தால் மட்டும் கழற்றுங்கள்: கியரை மூன்றில் வைத்துக் கம்பியைத் தளர்த்தி, சிறு சங்கிலியைத் திருகி வெளியே எடுத்த பின் நட்டுகளைக் கழற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது சிறு சங்கிலியை முடியுமட்டும் உள்ளே திருகி, பிறகு அது கம்பிக்கு நேராக நிற்பதற்காக அரைச் சுற்றுக்கு மேற்படாமல் பின்னே திருப்ப வேண்டும். இறுகத் திருகிய நிலையிலேயே விட்டால் அந்தச் சங்கிலி முறிந்து, அதன் பாதி அச்சுக்குள் சிக்கிவிடும். ஓட்டுச் சங்கிலியை நடுவில் பிடித்து அசைத்துப் பார்த்தால் ஏறத்தாழ அரை அங்குலம் ஆட வேண்டும். இழுத்த வீணைத் தந்தி போல நின்றால் உள்ளே இருக்கும் பேரிங் குண்டுகள் தேயும்.

எண்ணெய் விடயத்தில் பழைய ஹப்பும் புதிய ஹப்பும் வேறுபடும். பழையவற்றின் குடத்தில் சிறிய மூடியுள்ள துளை ஒன்று இருக்கும். அதன் வழியே மாதம் ஒரு முறை சில துளி இலேசான இயந்திர எண்ணெய் விட்டால் போதும். தையல் இயந்திரத்துக்கும் கதவுக்கும் என்று விற்கும் எண்ணெய்களிற் சில நாளடைவில் பிசினாக இறுகி, உள்ளே சில்லைப் பற்றும் சிறு நாக்குகளை ஒட்டவைத்துவிடுகின்றன. நாக்கு எழும்பாவிட்டால் கியர் பற்றாது. பல ஆண்டு கிடப்பில் கிடந்த ஹப் முதல் நாளில் வழுக்கினால் அது பெரும்பாலும் பழுதல்ல, பழைய எண்ணெய்தான். புது எண்ணெய் விட்டு ஓரிரவு வைத்தால் உயிர் பெறும். காது கொடுத்தும் நோயறியலாம். இரண்டாம், மூன்றாம் கியர்களில் மிதிக்கும்போது உள்ளே டிக் டிக் என்று கேட்பது இயல்பு. முதலாம் கியரில் மிதிக்கும்போது ஒலி இருக்கக் கூடாது. என் நண்பர் ஒருவர் வீட்டில் வேறு எண்ணெய் இல்லையென்று தேங்காய் எண்ணெய் விட்டார். 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும் என்பதை இந்த நாட்டுக் குளியலறையில் போத்தலைப் பார்த்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். தை மாதக் காலையில் அவருடைய ஹப் என்ன பாடுபட்டது என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

புதிய ஹப்புகளில் அந்தத் துளை பெரும்பாலும் இருப்பதில்லை. ஷிமானோவின் எட்டுக் கியர் ஹப்பில் முதல் 1,000 கிலோமீற்றர் ஓடியதும், பின்னர் இரண்டு ஆண்டுக்கு அல்லது 5,000 கிலோமீற்றருக்கு ஒரு முறையும் உட்பகுதியைக் கழற்றி எண்ணெயில் தோய்த்தெடுக்கச் சொல்கிறார்கள். ஜேர்மனியின் றோலொஃப் 14 கியர் ஹப்புக்கு 5,000 கிலோமீற்றருக்கு அல்லது ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெய் மாற்ற வேண்டும். அது 1998 முதல் வருகிறது. அருமையான பொருள், ஆனால் அதன் விலைக்கு என் றலி போல ஒரு வீதி நிறைய வாங்கலாம். எந்த ஹப் ஆனாலும் உயர் அழுத்தத் தண்ணீர்க் குழாயை அதன் அச்சுப் பக்கம் நீட்டக் கூடாது. மழை உள்ளே போகாத இடத்துக்கும் அந்தத் தண்ணீர் போகும்.

குறைகளையும் மறைக்கவில்லை. மூன்று கியர் ஹப் ஏறக்குறைய ஒரு கிலோ எடை. அந்தப் பாரம் முழுவதும் பின்பக்கமே விழுவதால், சைக்கிளை மாடிப்படியில் தூக்கிச் செல்பவர்களுக்கு அது தெரியும். முதலாம், மூன்றாம் கியர்களில் மிதிப்பின் ஒரு சிறு பங்கு சக்கரங்களின் உராய்வில் போய்விடுகிறது. கியர் மாற்றும் கணத்தில் மிதியைச் சற்றுத் தளர்த்த வேண்டும். முழுப் பலத்தோடு மிதித்தபடி மாற்றிப் பழகியவர்கள் முதல் வாரத்தில் எரிச்சலடைவார்கள். சனி ஞாயிறுகளில் நூறு கிலோமீற்றர் ஓடுபவருக்கு நான் இதைச் சிபாரிசு செய்யவும் மாட்டேன். நாளாந்தம் ஐந்து, பத்துக் கிலோமீற்றர் வேலைக்குப் போய், சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு, மாலையில் அதே உடுப்போடு திரும்புபவரைத்தான் எண்ணி எழுதுகிறேன். அத்தகையோரே தங்கள் வாசகர்களில் அதிகம்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். வேலைத்தலங்கள் ஊடாகச் சம்பளத்தில் கழித்துச் சைக்கிள் வாங்கும் அரசுத் திட்டம் பற்றி அடுத்த முறை எழுதும்போது, கியர்களின் எண்ணிக்கைக்குப் பதிலாக, கியர் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்கும்படி வாசகர்களுக்குச் சொல்லுங்கள். உள்ளே இருப்பதை வாங்குபவர்கள், பின்சில்லின் இருபுறமும் உள்ள அந்த வாசர்களைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கட்டும். சைக்கிளைப் பழுதுபார்க்கக் கொடுத்துத் திரும்பப் பெறும்போது, பணம் கொடுப்பதற்கு முன் குனிந்து அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஈஸ்ட் ஹாம், இலண்டன்.